எல்லையூர்களில் ஒரு ஜப்பானிய வண்டி

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கிருந்து பாறசாலை வழியே களியக்காவிளை செல்லும் சாலையில் கே.எல். 20, கே.எல். 19, டி.என். 75 என்னும் எண் பலகைகள் அவ்வெல்லையை நமக்கு இன்றும் நினைவூட்டுகின்றன.

சுசுகி வடிவமைப்பில் மாருதி விற்ற பலேனோ ஆல்டுராவைப் பழைய வண்டிப் பிரியர்கள் எளிதில் அறிவர். கூரை பின்புறம்வரை நீண்டிருக்கும். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். எஞ்சின் 1,590 சி.சி.

விடுமுறையில் ஊர் திரும்பி இதனை வாங்க விழையும் அன்பர்கள் எண் பலகையை மட்டும் நம்பலாகாது. பிற மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டுமென்பது சட்டம். ஆதலின் பலகை மாறும், சேசிஸ் எண் மாறாது. அதனைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, 15 ஆண்டுகட்குப்பின் பதிவு புதுப்பிக்கப்பட்டதா எனவும் பார்த்த பின்னரே, அயலூரில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்தல் நலம்.