பேச்சிழந்தவரின் குற்ற ஒப்புதல்

தண்டனை என்னவோ சில நூறு ரூபாய் அபராதம்தான். கட்டியும் ஆகிவிட்டது. "பெட்டி கேஸுக்கெல்லாம் யாராவது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவாங்களா?" என்று சக வழக்கறிஞர்கள் கேட்டார்கள். என்னைத் தேடி வந்த அந்த அம்மாள் அபராத ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரர் குடியைத் தொட்டதே இல்ல சார். குடிச்சிட்டு ரகளை பண்ணுனேன்னு அவரே ஒத்துக்கிட்டதா எழுதிட்டாங்க. அந்த எழுத்தை அழிக்கணும்" என்றார். அதற்குமேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

2019-ல் நான் நடத்திய வழக்கு இது. கட்சிக்காரரின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. தென் மாவட்டத்தில் ஒரு ஜவுளிக் கடையில் இருபது ஆண்டுகளுக்குமேல் விற்பனையாளராக இருந்தவர். ஐம்பதைத் தாண்டியபோது பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலக் கையும் வலக் காலும் தளர்ந்தன, பேச்சும் போனது. மருத்துவர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். காது கேட்கும், எளிய கேள்விகள் புரியும், ஆளை அடையாளம் தெரியும். மனதில் இருப்பது மட்டும் சொல்லாக வெளியே வராது, எழுதவும் வராது. இவ்வகை நோயாளிகள் சிலருக்கு ஒரே ஒரு சொல் நாக்கில் தங்கிவிடுவதுண்டு. எதைச் சொல்ல முயன்றாலும் அந்தச் சொல்தான் வரும். இவருக்குத் தங்கியது "ஆமா".

ஒரு மாலை தனியாக நடக்கப் போனவர், கடைத்தெருவில் கால் இடறி, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரைப் பிடித்திருக்கிறார். வண்டி சாய்ந்து கண்ணாடி உடைந்தது. வண்டிக்காரர் சத்தம் போட, கூட்டம் சேர்ந்தது. தள்ளாடும் நடை, குழறும் வாய். "குடிச்சிருக்கியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா." ரோந்து வந்த போலீசார் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நடுவர் நீதிமன்றத்தில் பெட்டி கேஸ்களின் வரிசையில் அவரும் நின்றார். குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். "ஆமா" என்றார். ஒப்புக்கொண்டார் என்று பதிவானது. அபராதம் விதித்தார்கள். இரவெல்லாம் தேடி அலைந்த மனைவி, அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து தகவல் கிடைத்து ஓடி வந்து பணத்தைக் கட்டியிருக்கிறார்.

சான்று நகல்கள் கைக்கு வந்ததும் முதலில் மருத்துவரின் குடிபோதைச் சான்றைத்தான் பார்த்தேன். "பேச்சு குழறல், நடையில் தள்ளாட்டம்" என்று எழுதியிருந்தது. மூச்சில் மது வாடை உண்டா என்ற இடம் காலி. ரத்தம் எடுக்கவேயில்லை. அடுத்து, அவருடைய உடைமைகளின் பட்டியல். கைக்குட்டை ஒன்று, சாவி ஒன்று, சில்லறை, "மாற்றுத்திறனாளி அட்டை ஒன்று". அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டை அன்றிரவு ஸ்டேஷன் மேஜையிலேயே இருந்திருக்கிறது. எந்த வகை ஊனம், எத்தனை சதவீதம் என்றெல்லாம் அதில் அச்சாகியிருந்தது. அங்கிருந்த காவலர் ஒருவரிடம் பின்னால் இதுபற்றிக் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "பார்த்தோம் சார். பேச்சுக் குறைபாடுன்னா வாய் பேச வராதுன்னு நினைச்சோம். இவர்தான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாரே!"

அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அட்டையைப் படித்த ஒருவர், படித்தபடியே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

இனி சட்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது என்றது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவு. சிறு தண்டனை என்றால் 376-ஆம் பிரிவு அந்தக் கதவையும் சாத்தியது. மிச்சமிருந்தது சீராய்வு மனு. அதற்கான 90 நாள் கெடு முடியுமுன் அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற பதிவுகளையும் யுடிஐடி அட்டையையும் கூடுதல் சான்றாக ஏற்கக் கோரி 391-ஆம் பிரிவில் ஒரு மனுவும் சேர்த்தேன்.

முதலில் நான் நம்பியது 318-ஆம் பிரிவை. மனநிலை பிறழாதவர், ஆனாலும் நடவடிக்கைகளைப் புரியவைக்க முடியாதவர் என்ற நிலையில் உள்ள குற்றஞ்சாட்டப்பட்டவருக்கானது அது. அவர் குற்றவாளி என்று முடிவானால் நடுவர் கோப்பை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டியிருந்தது. அரசு வழக்கறிஞர் உடனே எழுந்தார். "மனுதாரருக்கு எல்லாம் புரிகிறது என்று அவர்கள் தாக்கல் செய்த மருத்துவச் சான்றே சொல்கிறது. அப்புறம் 318 எப்படிப் பொருந்தும்?" அவர் கேட்டது நியாயம்தான். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு பேச இயலாதவர் சைகையாலும் எழுத்தாலும் சொல்வதை ஏற்றது. 2013-ல் வந்த திருத்தம், மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும், வீடியோவில் பதிய வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பிரிவு சாட்சிக்கானது. கேள்வி புரிந்தும் பதில் சொல்ல முடியாத குற்றஞ்சாட்டப்பட்டவர் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

ஆகவே வாதத்தை 252-ஆம் பிரிவுக்கு மாற்றினேன். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால், கூடியவரை அவருடைய சொற்களிலேயே அதைப் பதிய வேண்டும், அதன்பேரில் தண்டிப்பது நடுவரின் விருப்புரிமை என்றது அது. இவருடைய சொற்கள் என்று எதைப் பதிவது? நாக்கில் தானாக வரும் ஓர் ஒலி ஒப்புதல் ஆகுமா? கூடவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின் அட்டவணை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை விளக்கும்போது அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 12-ஆம் பிரிவோ, மாற்றுத்திறனாளிகள் சொல்வதை அவரவருக்கு உகந்த தகவல் தொடர்பு முறையில் பதிவுசெய்ய வசதி செய்வது அரசின் கடமை என்கிறது. அந்த வசதி இல்லாமல் எடுத்த ஒப்புதல் நிற்காது என்றேன்.

நீதிபதி பொறுமைசாலி. என் கட்சிக்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் உடன் வந்தார். பச்சை நிறச் சரிக்குறி போட்ட அட்டை ஒன்று, சிவப்பு நிறத் தவறுக்குறி போட்ட அட்டை ஒன்று. இரண்டையும் மேஜையில் வைத்தார்கள். "இது கோர்ட்டா?" என்று நீதிபதி கேட்டார். வாய் "ஆமா" என்றது. இடக் கை பச்சை அட்டையைத் தொட்டது. "இது பஸ் ஸ்டாண்டா?" வாய் மறுபடியும் "ஆமா" என்றது, விரல் சிவப்பு அட்டைக்குப் போனது. இன்னும் சில கேள்விகள். வாய் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க, விரல் ஒவ்வொன்றுக்கும் சரியான பதிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று குடித்திருந்தாரா என்று அவரிடமே கேட்டுவிடலாம் என நான் எழுந்தேன். நீதிபதி கையமர்த்தினார். "அவர் குற்றம் செய்தாரா என்பது இப்போது என் முன்னால் இல்லை, வக்கீல் சார். அவர் சொன்னதைப் பதிலாக எடுத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது." தீர்ப்பு ரத்தானது. ஒப்புதல் கேட்கும் கட்டத்திலிருந்து வழக்கைப் புதிதாக நடத்த உத்தரவிட்டார். மறுவிசாரணையில் அதே இரண்டு அட்டைகளைக் கொண்டு அவர் குற்றத்தை மறுத்தார். மது வாடை எதுவும் வரவில்லை என்று ஸ்கூட்டர்காரரே சாட்சி சொன்னார். விடுதலை. அபராதம் திரும்பி வந்தது. அந்த அம்மாள் கேட்ட எழுத்தும் அழிந்தது.

வழக்கு முடிந்த பிறகும் அந்தக் காவலர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், மருத்துவச் சான்றோடு விண்ணப்பிப்பவரின் ஓட்டுநர் உரிமத்திலோ அடையாள அட்டையிலோ, காவல் அலுவலரிடம் பேசுவதில் இவருக்குத் தடை உண்டு என்ற குறிப்பை அச்சிட்டுத் தருகிறார்கள். விரும்பினால் மட்டுமே பெறலாம், கட்டாயம் கிடையாது. அந்தக் குறிப்பு போலீஸ்காரரை நோக்கியே எழுதப்பட்டது. நம் யுடிஐடி அட்டையோ சலுகைகளையும் சதவீதத்தையும் மனதில் வைத்து உருவானது. 2024-ல் திருத்தப்பட்ட விதிகளும் 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று நிறத்தைப் பிரித்தன. இவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை எந்த நிறமும் சொல்வதில்லை.

பயிற்சியாளரும் நானும் அவருக்காக ஓர் அட்டை தயாரித்தோம். "பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் கேட்பது புரியும். நான் 'ஆமா' என்று சொன்னால் அதைப் பதிலாக எடுக்காதீர்கள். இந்த அட்டையின் பின்பக்கம் உள்ள பச்சை, சிவப்புக் குறிகளைக் காட்டச் சொல்லுங்கள். கீழே உள்ள எண்ணில் என் மனைவியைக் கூப்பிடுங்கள்." அவருடைய சட்டைப்பையில் இன்று யுடிஐடி அட்டையோடு இந்த அட்டையும் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் செய்துகொடுங்கள். எந்த அலுவலகத்தின் அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

ஆனால் ஒரு குடும்பம் தானே எழுதி வைத்த அட்டையை மதிக்க வேண்டும் என்ற கடமை எந்தக் காவலருக்கும் இல்லை. அந்தக் கடமையை விதிதான் தர முடியும். விரும்புவோருக்கு யுடிஐடி அட்டையின் பின்பக்கத்தில் தகவல் தொடர்பு முறையை ஒரு வரியில் அச்சிட்டுத் தரலாம். கைதுக் குறிப்பாணையில் "இவருடன் தகவல் பரிமாற உதவி தேவையா?" என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். ஒப்புதல் கேட்கும் முன் நடுவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தாக வேண்டும் என்று எழுதலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய 252 இப்போது 275, பழைய 318 இப்போது 357, சாட்சியச் சட்டத்தின் 119 இப்போது 125. எண்கள் மாறினாலும் என் கட்சிக்காரர் விழுந்த அந்த இடைவெளி அடைபடவில்லை. அதை அடைக்கப் புதிய சட்டம்கூட வேண்டாம். விதிகளில் மூன்று வரி போதும். கேட்டுக்கொண்டே இருப்போம்.