ஆயிரம் பொய்யும் ஓர் இசைவும்

‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ‘ஆயிரம் முறை போய்ச் சொல்லி’ என்பதே அதன் மூல வடிவம் என்று விளக்கம் தருவோரும் உண்டு. மூலம் எதுவாயினும், நம் இல்லங்கள் நடைமுறையில் பின்பற்றுவது பொய்யைத்தான். கத்தோலிக்க இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. பத்துக் கட்டளைகளையும் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த நாம், பெண் பார்க்கும் படலம் தொடங்கியதும் எட்டாவது கட்டளைக்கு மட்டும் விடுமுறை அளித்துவிடுகிறோம்.

வயதில் இரண்டு குறைகிறது. தற்காலிக வேலை நிரந்தர வேலையாகிறது. கடன் மறைகிறது. நாள்தோறும் குடிப்பவர், ‘விருந்தில் எப்போதாவது’ குடிப்பவராக மாறுகிறார். நோயைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. இவற்றைச் செய்வோர் தீயவர் அல்லர். பிள்ளையின் வாழ்வு மலர வேண்டும் என்று செபமாலை உருட்டும் பெற்றோர். அன்பின் பெயரால் சொல்லப்படும் பொய் என்பதாலேயே, அது பொய் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நல்ல நோக்கத்துக்காகப் பொய் சொல்லலாமா என்னும் கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. தங்கள் கொள்கையை மறைத்து வாழ்ந்த தப்பறைக் குழுவினரைக் கண்டுபிடிக்க, கத்தோலிக்கரும் அவர்களுள் ஒருவரைப் போல நடிக்கலாம் என்று ஐந்தாம் நூற்றாண்டில் சிலர் கருதினர். புனித அகுஸ்தினார் 420-ஆம் ஆண்டளவில் இதற்கென்றே ஒரு நூல் எழுதி மறுத்தார். பொய்யைக் கொண்டு பொய்யரைத் திருத்த முயல்பவர், தாம் காக்க வந்த உண்மையையே இழந்துவிடுகிறார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். விசுவாசத்தைக் காக்கவே பொய் ஆகாது என்றால், சம்பந்தம் பேசுவதற்கு ஆகுமா?

எங்கள் பங்கில் திருமண ஆயத்தப் பயிற்சி வகுப்புகளுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அவ்வகையில் அறிமுகமான ஓர் இளம்பெண், மணமாகி ஓராண்டு கழிந்தபின் என்னிடம் மனம் திறந்து பேசினார். கணவருக்குச் சிறுவயது முதலே வலிப்பு நோய் இருந்திருக்கிறது. மனைவிக்குத் தெரியக்கூடாது என்பது பெற்றோரின் கண்டிப்பான உத்தரவு. அதனால் அவர் மாத்திரைகளை ஒளித்து வைத்தார். ஒளித்து வைத்ததால் பல நாள் உண்ணாமலும் விட்டார். ஒருநாள் இரவு வலிப்பு வந்தது. என்ன செய்வதென்று அறியாமல் அந்தப் பெண் அலறியிருக்கிறார். “சொல்லியிருந்தால் வேளை தவறாமல் நானே மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பேனே அண்ணா! இப்போது அவர் எதைச் சொன்னாலும், இதிலும் ஏதேனும் ஒளிந்திருக்குமோ என்று மனம் தேடுகிறது” என்றார். நோயை அவர் குறை கூறவே இல்லை.

திருச்சபைச் சட்டமும் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில், வஞ்சகம் என்பது திருமணத்தைச் செல்லாததாக்கும் தனிக்காரணமாக இடம்பெறவில்லை. 1983-இல் வெளியான புதிய தொகுப்பின் 1098-ஆம் சட்டம் அதைச் சேர்த்தது. இசைவைப் பெறுவதற்காகவே வஞ்சகம் செய்யப்பட்டு, அது மற்றவரின் தன்மை ஒன்றைப் பற்றியதாகவும், அத்தன்மை இயல்பிலேயே இல்லற வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடியதாகவும் இருப்பின், ஏமாற்றப்பட்டவரின் திருமணம் செல்லாது. எல்லாப் பொய்யும் இதில் அடங்கா என்பது உண்மையே. ஆயினும் 1084-ஆம் சட்டத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். மகப்பேறின்மை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று கூறும் அச்சட்டம், வஞ்சகம் பற்றிய விதி மட்டும் அங்கும் பொருந்தும் என்கிறது. குறையோடு ஒருவரை ஏற்கலாம். அக்குறையை மறைத்து அவரை ஏற்கச் செய்யலாகாது. ஏனெனில் திருமணத்தை உண்டாக்குவது இருவரின் இசைவு. அறியாத ஒன்றுக்கு எவர் எப்படி இசைய முடியும்?

தொடக்கநூலில் யாக்கோபின் திருமணத்தை நினைத்துப் பார்ப்போம். ராகேலுக்காக ஏழாண்டுகள் உழைத்தவருக்கு, லாபான் இரவோடு இரவாக லேயாவைக் கொடுத்தார். யாக்கோபு ஏமாந்தார் என்றே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். லேயாவைப் பற்றி யார் நினைக்கிறோம்? குழந்தைகள் பிறந்தபோது கணவனின் அன்புக்காக அவர் ஏங்கியதை அந்நூலே சொல்கிறது. மகளை எப்படியேனும் கரையேற்ற எண்ணிய தந்தையின் தந்திரம், அந்த மகளையே வாழ்நாள் முழுவதும் வருத்தியது. யாருக்காகப் பொய் சொல்கிறோமோ, அவரே அதன் சுமையைச் சுமக்கிறார்.

உண்மை என்பதற்காக ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. உண்மையை அறியும் உரிமை எல்லாருக்கும் எல்லாவற்றிலும் இல்லை என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது. ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை அன்பியக் கூட்டத்தில் பேசப்பட வேண்டிய பொருளன்று. ஆனால் அவளோடு வாழப்போகும் ஒருவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. அவரிடம், நாள் குறிப்பதற்கு முன்பே, இரு குடும்பத்தாரும் நேருக்கு நேர் அமர்ந்து, மென்மையாகச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டு விலகும் வரன் விலகட்டும். சம்பந்தம் தள்ளிப்போவது துன்பந்தான். ஆனால் மணமான பின் நம்பிக்கை முறிவது அதனினும் பெருந்துன்பம்.

திருமணங்களை ஆலயத்தில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. தொடர்ந்து மூன்று திருநாள்களில் அறிவிக்குமாறு 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பணித்தது. அந்த ஓலையை நம் செவிகள் சடங்காகவே கேட்கின்றன. மணமக்கள் வெளிச்சத்தில் இணைய வேண்டும் என்னும் அக்கறையே அதன் உயிர். அடுத்த முறை நம் பிள்ளையின் பெயர் பீடத்திலிருந்து வாசிக்கப்படும்போது, அப்பெயருக்குப் பின்னால் மறைந்து நிற்பது ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தலைகுனிந்து செபிக்க நம்மால் இயலட்டும். நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் அந்த நிம்மதியும் ஒன்றாக இருக்கட்டும்.