ஈயம்

பழைய காரை வீட்டில் வைத்துத் தட்டி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதத் தகுந்த விஷயமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் 2022 தை மாதத்திலிருந்து இரண்டு வருஷம் நான் வேறெதுவும் செய்யவில்லை. படிக்கவில்லை, எழுதவில்லை. செய்ததைத்தான் சொல்ல முடியும்.

கார் அப்பாவுடையது. 1966இல் வண்டலூர்த் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு வைத்தது. அப்பா பஞ்சுத் தரகர். 1971இல் அதை செகண்ட் ஹாண்டில் வாங்கி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் காடெல்லாம் ஓட்டினார். 1988இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. உதிரி பாகத்துக்கு அலைந்து சலித்து 1994இல் வண்டியை நரிமேட்டு வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். 2003இல் இறந்தார். அதற்குப் பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. எலியும் தூசியும் இருந்தன.

ஹெரால்டை வீட்டில் வைத்துப் பிரிக்க முடிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது மற்ற சின்னக் கார்கள் பெரும்பாலும் சட்டமும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு வந்துகொண்டிருந்தன. இந்தக் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக்காரர்கள் 1953இல் வாங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, தனிச் சட்டத்தின் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். வடிவம் இத்தாலியரான மிக்கெலாட்டியுடையது. அழகு அவருடையது, பிரிக்க முடிவது ஒரு வியாபாரச் சண்டையின் விளைவு. பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டு. மூக்குப் பக்கம் கீல் இருப்பதால் முழு முகமும் முன்னால் கவிழும். நானும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவருமாக அதைக் கழற்றி முற்றத்தில் கட்டிலின் மேல் கிடத்தினோம்.

வேலை தொடங்கும் முன்பே க்ரீம் கலர் பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கார் க்ரீம்தான். வைகை அணைக்கும் அழகர்கோவிலுக்கும் போனது அந்த நிறத்தில்தான். அதைத் திரும்பக் கொண்டுவருவது என்பதைத் தவிர வேறு யோசனை எனக்கில்லை.

இப்போது வரும் இரண்டு டப்பா பெயிண்டில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டியது, வீட்டுக்குச் சரிவராது. அதனால் பழைய என்.சி. பெயிண்ட். அது தின்னர் ஆவியாகிக் காய்வது. சிந்தெடிக் எனாமல் மேல் அதை அடித்தால் தின்னர் அடியிலிருக்கும் எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். எனவே பழைய பூச்சை முழுக்க எடுக்க வேண்டியதாயிற்று. சும்மா மேலோட்டமாகத் தேய்த்துப் பூசியிருந்தால் இந்தக் கட்டுரை இருக்காது.

வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது ஓரங்களில் நிறங்கள் வளையம் வளையமாக வெளிப்படும். மேலே க்ரீம். அதன் கீழே சாம்பல் ப்ரைமர். அதன் கீழே வெளிர் நீலம். அதன் கீழே ரெட் ஆக்ஸைடு, பிறகு தகடு. நீலம் எனக்குத் தெரியாத நிறம். பீரோவிலிருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிறம் என்ற இடத்தில் நீலம் என்றுதான் இருந்தது. அப்பா மாற்றியிருக்கிறார், பதிவு செய்யவில்லை. கணக்கில் ஒரு பைசா விடாத மனுஷர்.

தகட்டில் எங்கே பட்டி இருக்கிறது என்று பார்க்கக் காந்தம் வைப்பது வழக்கம். இடது முன்விளக்குக்குப் பின்னால், முழங்காலுக்குச் சற்று மேலே வரும் உயரத்தில், ஒரு தட்டு அகலத்துக்குக் காந்தம் ஒட்டாமல் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் நீலம் இல்லை. க்ரீம், ப்ரைமர், அடுத்து நகம் பட்டால் கீறும் சாம்பல் பளபளப்பு.

டிங்கர் வேலை சொல்லிக்கொடுக்க ஒரு பாய் வருவார். எண்பது வயதுக்கு மேல். சுத்தியல் பிடிக்க முடியாது, வாயால்தான் வேலை. விரல் நுனியால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவர் விரலுக்குத் தெரியும்.

"இது ஈயம் தம்பி. அப்பல்லாம் இந்தப் பட்டி ஏது? வெள்ளீயம் கலந்து காய்ச்சி, மரக்கட்டையால தடவி எடுப்போம். யாரு கையோ, அம்புட்டு நல்ல வேலை. கலைக்காதீங்க."

ஈயக் கலவை 180 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். 250 வரை வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். அந்த இடைவெளிக்குள் உருவம் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் ஒழுகிவிடும். பிறகு அரத்தால் ராவுவார்கள். உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூசி விஷம். அவர் சொன்னது நியாயம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு விரிசல் இல்லை, ஓரத்தில் துருகூட இல்லை. அதை எடுக்க வேண்டிய தொழில்முறைக் காரணம் எதுவுமில்லை.

எடுத்தேன். விளக்கின் தீயைத் தூரத்தில் பிடித்துக் காட்டினேன். ஈயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து தட்டையானது. அடியில் ஒரு பள்ளம், வட்டமாக, கூர் எதுவும் இல்லாமல். பாய் வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு பட்டா கோடு விழும். மரம் பட்டா மடிப்பு விழும். இது மெத்துன்னு எதுவோ."

அதற்குமேல் அவர் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவிடம் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கார் முன்னாடி நீலமா இருந்துச்சா?"

"ஆமா. நீ ஒண்ணாப்பு சேர்ந்த வருஷம் மாத்தினாரு."

1979.

"எதுக்கு?"

"கள்ளிக்குடி தாண்டி ராத்திரி வரும்போது மாடு குறுக்க வந்துருச்சு." கல் பொறுக்கும் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாடுன்னுதான் சொன்னாரு" என்றாள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு அப்பா இருட்டில் வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை. கண் கூசுகிறது என்பார். விருதுநகரில் வேலை முடியத் தாமதமானால் அங்கேயே தங்கிக் காலையில் வருவார். அதை ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன். இப்போதும் அது வெறும் ஜாக்கிரதையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அந்த ரோட்டில் விளக்கில்லாத மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும்; மாடு குறுக்கே வருவது அதிசயமில்லை. எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் யாருமில்லை. தகடு, தன்மேல் எவ்வளவு வேகத்தில் என்ன உயரத்தில் மோதியது என்பதைத்தான் வைத்திருக்கிறது, எது மோதியது என்பதை அல்ல.

ப்ரைமர் காயும் நாட்களில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். 1636இல் கட்டியதில் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதர் திருச்சிக்குக் கொண்டுபோக இடித்தார். மிஞ்சியது சிதைந்து கிடந்தது. 1866இலிருந்து 1872 வரை கவர்னர் நேப்பியர் அதைப் புதுப்பித்தார். அதன் பிறகும் பலமுறை பூசியிருக்கிறார்கள். நாம் பார்த்து வியப்பது எந்த மகால்? புதுப்பிக்கிறவன் ஏதோ ஒரு அடுக்கில் கையை நிறுத்துகிறான். நிறுத்திய இடத்துக்கு அசல் என்று பெயர் வந்துவிடுகிறது. நான் எங்கே நிறுத்துவது?

கார்ப் பிரியர்களைக் கேட்டால் நீலம் என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம், ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும் நிறம். முதலில் எனக்கும் அதுவே நேர்மையானதாகப் பட்டது. என் குழந்தைப் பருவத்தின் க்ரீம் நிறம் ஒரு மறைப்பு என்று தெரிந்த பிறகு அந்த டப்பாவைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் நீலம் அடித்தால் என்ன ஆகும்? பள்ளம் நிமிர்ந்திருக்கும், ஈயம் போயிருக்கும், க்ரீமும் போயிருக்கும். கள்ளிக்குடிக்கு முன்னால் இருந்த வண்டியாக அது நிற்கும். அப்பா ஈயத்தால் செய்ததை நான் நீலத்தால் இன்னும் முழுசாகச் செய்து முடித்திருப்பேன்.

மெருகு என்றாலே பொய் என்பது நம் வட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கை. பளபளப்பான உரைநடையை நாம் நிறையவே ஏளனம் செய்திருக்கிறோம், நான் உட்பட. அந்த ஈயத்தைப் பார்த்த பிறகு எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அது பொய்க்காகச் செய்யப்பட்ட வேலையாக இருக்கலாம். செய்தவன் கையில் பொய் இல்லை. சுரண்டி எடுப்பதெல்லாம் உண்மை என்று நினைத்துக்கொண்டு நான்தான் ஒரு நல்ல வேலையைத் தரையில் சொட்டவிட்டேன்.

பள்ளத்தை டாலி கொடுத்து உள்ளிருந்து தட்டினேன். அடிபட்ட தகடு நீண்டுவிடுகிறது. அதைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் குளிரவைத்துச் சுருக்க வேண்டும். ஏழெட்டுத் தடவை செய்தும் பழைய அளவுக்கு வரவில்லை. மேலே மெல்லிசாகப் பட்டி பார்த்தேன். ஐப்பசியில் அடித்த முதல் கோட் முழுக்க வெளுத்துப் போனது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தை வரை காத்திருந்து மறுபடி அடித்தேன். க்ரீம்தான். பானட்டின் உள்பக்கம் மட்டும் பட்டி பார்க்கவில்லை. ரெட் ஆக்ஸைடுக்கு மேல் ஒரு கோட் க்ரீம், அவ்வளவுதான். திறந்தால் சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் தெரியும்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். பானட் திறந்திருந்தது. உள்பக்கம் அந்த இடத்தைக் கையால் ஒருமுறை தொட்டாள். "மூடிரு, மழை வரும்" என்றாள். தை மாதத்தில் மழையில்லை. மூடினேன்.

பிறகு, நிறம் மாறியதை ஆர்.சி. புத்தகத்தில் பதிய மனுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"புது பெயிண்டா சார்? எப்ப மாத்தினது?"

1979 என்றேன்.