அந்தமான் அருகே

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு: "அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி." விடுதி நண்பர்கள் மழை விடுமுறை கிடைக்குமா என்று கணக்கிடத் தொடங்குவர். என் நெஞ்சமோ ஃபீனிக்ஸ் பேக்குச் சென்றுவிடும். அதுவே நான் பிறந்து வளர்ந்த இடம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், பிற தீவுகளுக்குக் கப்பல்கள் புறப்படும் துறை அது. "இன்று கப்பல் இல்லை" என்ற மூன்று சொற்கள் போதும். மருத்துவமனைக்கு வந்தவர் வீடு திரும்ப இயலாது. காய்கறி மூட்டைகள் கரையிலேயே கிடக்கும்.

துறையில் வெயில் அடிக்கும் நாளிலும் கப்பல் நிற்பதுண்டு. "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று பலர் சினந்து கொள்வர். விடை வானத்தில் இல்லை. வானிலை வரைபடத்தில் இருக்கிறது. அதனைப் படிப்பது அப்படியொன்றும் அரிய கலை அன்று.

படத்தில் வளைந்து செல்பவை சம அழுத்தக் கோடுகள். ஒரே அளவு காற்றழுத்தம் உள்ள இடங்களை அவை இணைக்கின்றன. கோடுகள் விலகியிருந்தால் மெல்லிய காற்று; நெருங்கியிருந்தால் கடுங்காற்று. அவை வளையமாகச் சூழ, நடுவில் அழுத்தம் குறைந்திருந்தால் அதுவே தாழ்வு. நம் வட அரைக்கோளத்தில், காற்று அதனைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு இடக்கைப் பக்கம் இருக்கும். ஊருக்கு ஊர் குறித்திருக்கும் சிறு தண்டு, காற்று வரும் திசையைக் காட்டும். அதிலுள்ள முழு இறகு 10 நாட், அரை இறகு 5 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இனிச் சொற்களைக் காண்போம். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் ஆகியன ஒருபொருட் பன்மொழி அல்ல, ஏறிச்செல்லும் படிகள். சுழலும் காற்றின் வேகம் 17 நாட்டுக்குக் குறைவாயின் தாழ்வுப் பகுதி; 17 முதல் 27 வரை தாழ்வு மண்டலம்; 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 34-ஐ எட்டினால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயரும் சூட்டுவர்.

'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் வழங்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1844-இல் ரன்னிமீட், பிரிட்டன் என்னும் இரு கப்பல்களை அந்தமான் கரையில் தூக்கி எறிந்த புயலையும் அவர் ஆராய்ந்தார்.

2016 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கப்பல்கள் நின்றன. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கினர். கடற்படைக் கப்பல்கள் சென்று மீட்டன. எங்களைத் தாழ்வு மண்டலமாக வாட்டிய அதுவே வர்தா புயலாகி, டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையின் மரங்களைச் சாய்த்தது. உங்களுக்கு முன்னறிவிப்பாக வருவது எங்களுக்கு அன்றைய வாழ்க்கை. சிறு கப்பலை நிறுத்தப் புயல் வேண்டியதில்லை; தாழ்வு மண்டலமே போதும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை அச்செய்தி வந்தால் விடுமுறையைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் படி? எத்தனை நாட்? எத்திசை நோக்கி? அங்கே கரையில் காத்திருப்போரும் அதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருப்பர்.