வேண்டுகோளில் அடித்த வரி

மும்பைத் தாராவியின் நெருக்கமான சந்துகளுக்கிடையே மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுக்கு 2018ஆம் ஆண்டில் நாங்கள் சிலர் அடிக்கடி சென்றுவந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் பலர் அங்கே பயின்றனர்.

அப்பள்ளியின் கணித ஆசிரியை எங்களிடம் ஒரு குறையைச் சொன்னார். "கரும்பலகையில் வரைந்த வட்டம் அசையாது, ஐயா. ஆரம் நீள நீளப் பரப்பு எப்படி விரிகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்" என்றார். அதற்கு வழி இருந்தது. ஆஸ்திரியா நாட்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' என்னும் கணிப்பொறி நிரல் வடிவங்களை அசைத்துக் காட்டும். பள்ளிகளுக்கு அது இலவசம். ஆனால் அதை இயக்கக் கணிப்பொறியும், சுவரில் காட்டப் புரொஜெக்டரும், மின்வெட்டைத் தாங்க ஒரு மின்கலமும் வேண்டுமே! எண்பத்தையாயிரம் ரூபாய் ஆகுமென்று கணக்கிட்டு, அதைத் திரட்டும் பொறுப்பை ஏற்றோம்.

நன்கொடை கேட்பவர்க்கு வரும் சபலம் எங்களுக்கும் வந்தது. மனத்தை உருக்கினால் பணம் வருமென்று எண்ணி, "கணக்கு என்றால் என்னவென்றே அறியாத இந்த ஏழைச் சிறார்களுக்கு" என்று வேண்டுகோளைத் தொடங்கினோம். காலில் செருப்பில்லாத ஒரு சிறுவனின் படத்தையும் தேடி எடுத்து அச்சிட்டோம். மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் படியேறினோம். காப்பி தந்தோர் சிலர். அறிவுரை தந்தோர் பலர். எனினும் ஒரு மாதத்தில் நாற்பதாயிரம் சேர்ந்தது.

பிறகு, பிள்ளைகளின் பெற்றோரும் பங்கு கொள்ளட்டுமே என்று தாராவியிலுள்ள தோல் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தந்தை அங்கே கைப்பை தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தாளை எழுத்தெழுத்தாகப் படித்தார். பின்னர் நிமிர்ந்து, "எங்க பிள்ளையளுக்குக் கணக்குன்னா என்னன்னே தெரியாதுன்னு எழுதியிருக்கியளே, ஐயா?" என்றார்.

நாங்கள் வாய் திறக்குமுன் பரண்மேலிருந்து பழைய மரச்சட்டம் ஒன்றை இறக்கினார். சட்டம் முழுவதும் மூன்றங்குலச் சதுரங்களாகக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. தோலை இப்போது இயந்திரம் அளந்துவிடுகிறது. இது அவருடைய தகப்பனார் காலத்துச் சட்டம். ஓர் ஆட்டுத் தோலை விரித்து அதன்மேல் சட்டத்தை வைத்து மகளை அழைத்தார். அவள் முழுச் சதுரங்களை எண்ணினாள். ஓரத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணினாள். "எண்பத்து நாலு. அஞ்சேகால் சதுர அடி, அப்பா" என்றாள். பதினாறு சதுரங்கள் ஒரு சதுர அடி என்பதை நினைவுகூர்ந்து வகுத்துப் பார்க்க, எங்களுக்குத்தான் பேனா தேவைப்பட்டது!

அவர் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். "அந்த வரியை அடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வருகையில் எங்களுள் யாரும் பேசவில்லை. 1910இல் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் ராமச்சந்திர ராவை நாடிச் சென்ற ராமானுஜனின் நினைவு எழுந்தது. வறுமை அவர் தோற்றத்திலேயே தெரிந்தது. ஆயினும் அவர் கையில் கொண்டுசென்றது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கண்ட கணிதமே ராவின் ஐயத்தைப் போக்கியது. மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவியையும் பெற்றுத் தந்தது. நாங்களோ பிள்ளைகளின் நோட்டை மூடிவைத்துவிட்டு, அவர்களுடைய வெறுங்காலைக் காட்டினோம்.

வேண்டுகோளைப் புதிதாக எழுதினோம். படத்தை நீக்கி, சதுரங்களுக்கடியில் விரிந்த தோலின் கோட்டோவியத்தை இட்டோம். "இதை அளக்கத் தெரிந்த பிள்ளைகள் மேலும் கற்க விரும்புகின்றனர்" என்று தொடங்கினோம். உண்மையைச் சொன்னால், பணம் முன்னைவிட மெதுவாகவே வந்தது. முதல் தாளுக்குக் கண்கலங்கிய ஓர் அன்பர் இரண்டாவதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெரிந்தவர்களுக்கு நான் எதற்கு?" என்று கேட்டார். மீதித் தொகை சேர நான்கு மாதங்கள் சென்றன.

புரொஜெக்டர் ஒளிர்ந்த முதல் நாள் ஆசிரியை அந்த ஆட்டுத் தோலின் படத்தையே சுவரில் காட்டினார். கட்டங்களைச் சிறிதாக்கினார், இன்னும் சிறிதாக்கினார். ஓரத்தில் மிஞ்சும் துண்டுகள் குறையக் குறைய, பரப்பின் அளவு மெய்யை நெருங்கியது. "மேல்வகுப்பில் இதற்குத் தொகை நுண்கணிதம் என்று பெயர்" என்றார் ஆசிரியை. "எங்க வீட்டுல இதுக்குச் சட்டம்னு பேரு, டீச்சர்" என்றாள் அந்தச் சிறுமி. வகுப்பு முழுவதும் சிரித்தது, நாங்களும் சிரித்தோம்.

முதல் வேண்டுகோளின் ஒரு படியை இன்றும் எங்கள் கோப்பில் வைத்திருக்கிறோம், அந்த வரியை அடித்தபடியே. யாருக்காகவேனும் நன்கொடை கேட்கப் புறப்படும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டே படியிறங்குகிறோம்.