புல்லா, மண்ணா?

குதிரைப் பந்தயம் என்றாலே நம் வீட்டுப் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். நியாயந்தான். பந்தயத்தில் காலணா வைக்கும் உத்தேசம் எனக்கும் கிடையாது. ஆனால் குதிரைகளின் ஜாதகம் படிப்பதில் மட்டும் ஒரு பைத்தியம் உண்டு.

அமெரிக்காவிலே பெரிய பந்தயங்கள் அநேகமாக மண் தரையில். ஐரோப்பாவிலே புல் தரையில். புல்லிலே ஓடும் குதிரை பொதுவாகச் சக்தியைச் சேமித்து வைத்துக் கடைசியில் பாயும். மண்ணிலே முதலிலிருந்தே வேகம் வேண்டும். பின்தங்கினால் முன்னே போகிறவன் உதைத்தெறியும் மண் முகத்தில் வந்து அறையும். சில குதிரைகள் அத்தோடு மனசு விட்டுவிடும். பிறந்த வீட்டுச் சமையலை வைத்துப் புகுந்த வீட்டில் பெண் எப்படிச் சமைப்பாள் என்று சொல்ல முடிகிறதா? அந்தக் கதைதான்.

ஆகவே, தரை மாறும் குதிரைக்கு ஓடிய நேரத்தைப் பார்த்தால் போதாது. வம்சத்தையும் பார்க்க வேண்டும். அதிலும் தகப்பனை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது!

சிகார் என்று ஒரு குதிரை. (சுருட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. சொந்தக்காரர் ஆலன் பால்சன் விமானத் தொழில்காரர்; ஆகாய மார்க்கத்தில் ஓரிடத்தின் பெயரை வைத்தார்.) தகப்பன் பாலஸ் மியூசிக், புல்லிலே பெயரெடுத்தவன். பிள்ளையையும் புல்லிலேயே ஓட்டினார்கள். 11 பந்தயங்கள், ஜயித்தது ஒன்றே ஒன்று! தாய்வழித் தாத்தா யார் தெரியுமா? 1977-ல் மண் தரையில் மூன்று மகுடங்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூ. போதாததற்கு, 1993-ல் சிகாரே மண்ணில் ஒரு தரம் ஜயித்துமிருந்தான். எல்லாம் ஏட்டிலேயே இருந்தது.

1994 அக்டோபரில், நியூயார்க்கிலே, பயிற்சியாளர் பில் மாட் அவனை மறுபடி மண்ணில் இறக்கினார். எட்டுக் குதிரை நீளம் முன்னால் வந்து சேர்ந்தான்! அதிலிருந்து 1996 வரை தொடர்ந்து 16 வெற்றிகள். துபாயில் நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயமும் அதில் சேர்த்தி. பழைய சைடேஷனின் சாதனைக்குச் சமம்.

வம்சமே எல்லாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். மண்ணின் மன்னனான செக்ரடேரியட், 1973-ல் தன் கடைசி இரண்டு பந்தயங்களைப் புல்லில் ஓடி, இரண்டையும் ஜயித்தானே!

சிகார் ஓய்வு பெற்றதும் அவன் வம்சம் பெருக வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. கெண்டக்கியிலுள்ள குதிரைப் பூங்காவில், வந்தவர்களெல்லாம் பார்த்து மகிழ, 2014 வரை வாழ்ந்தான்.