எதை வடிக்கலாம், எதை விடக்கூடாது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்து புரோகிராமிங் பழகுகிற நாலைந்து பேர் நாங்க. கொஞ்ச நாளா எங்களுக்குள்ள ஒரு வாதம் ஓடுது. ரியாக்டிவ் புரோகிராமிங்கில ஒரு ஆபரேட்டர் பொருத்தமா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறோம். ரியாக்டிவ் முறையில தரவு ஒரு மூட்டையா வந்து இறங்காது. வாய்க்கால் தண்ணி மாதிரி நேரத்தோட ஒவ்வொன்றா வந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின் குறுக்கே நாம வைக்கிற அரிதட்டு, மடை, அளவுகோல் எல்லாம்தான் ஆபரேட்டர்கள். 2009இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஆர்எக்ஸில் இருந்து இந்த முறை பல மொழிகளுக்குப் போனது. ஒவ்வொரு மொழியிலும் அடிப்படை ஆபரேட்டர்கள் போக, பாவிக்கிறவங்களே சேர்த்த மேலதிகப் பெட்டியும் உண்டு. ஸ்விஃப்ட் மொழிக்கு அப்படி ஒன்று ஆர்எக்ஸ்ஸ்விஃப்ட்எக்ஸ்ட். டிஸ்டிங்ட், பேர்வைஸ், பாஸபிள், கேட்ச்எரர்ஜஸ்ட்கம்ப்ளீட் என்று அதுக்குள்ள நிறைய இருக்கு. பெயரைப் பார்த்தாலே எடுத்துப் போடத் தோணும்.

நாங்க எடுத்துக்கொண்ட ஓடை நிலநடுக்கத் தரவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் உலக நிலநடுக்கங்களின் பட்டியலை இலவசமாத் தருது, நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்குது. அதை வாசித்து, வங்காள விரிகுடாப் பக்கம், சுமாத்ராப் பக்கம் நடப்பதை மட்டும் தமிழில் காட்டுவதுதான் எங்கட பயிற்சி. எச்சரிக்கை தருவது இதன் வேலை இல்லை. அதுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கு. ஆனா இந்த ஓடையைத் தெரிவு செய்ததுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே கூடுதலா உயிர்களை இழந்தது எங்கட அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல. எங்கள்ல சிலர் அப்ப பிறக்கவே இல்லை. வீட்டுல பெரியாக்கள் சொன்னதுதான் எங்களுக்கு அந்த நாள்.

நிமிடத்துக்கொரு தடவை பட்டியலை எடுத்தா ஒரே நிலநடுக்கம் திரும்பத் திரும்ப வரும். கை முதல்ல போறது டிஸ்டிங்ட் பக்கம். ஒரு அடையாள எண் ஒரு தடவை வந்தா, பிறகு வாறதை அது விடாது. பார்க்கச் சுத்தமா இருக்கும். இப்ப அதை 2004க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்க. பூமி அதிர்ந்து கால் மணி நேரத்தில ஹவாய் நிலையம் கொடுத்த முதல் அளவு 8.0. ஒரு மணி நேரம் கழிந்து 8.5. பிறகுதான் 9 தாண்டினது, இன்றைக்கு 9.1 என்று பதிவில இருக்கு. எல்லாம் ஒரே நிலநடுக்கம். டிஸ்டிங்ட் முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாத்தையும் “பழசு” என்று தள்ளியிருக்கும். அலை எங்கட கரைக்கு வர எடுத்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குள்ள வந்த திருத்தத்தைத்தான் அது தள்ளுது.

அடுத்தது டிபவுன்ஸ். தேடல் பெட்டிக்கு இது அருமையான சாமான். நீங்க டைப் பண்ணி நிறுத்தும் வரை பொறுத்து, கடைசியா வந்ததை மட்டும் அனுப்பும். நிலநடுக்கத்துக்கு அது சரிவராது. பெரிய அதிர்வுக்குப் பின்னால சின்ன அதிர்வுகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்று வரும்போதும் டிபவுன்ஸ் முதல்ல இருந்து எண்ணத் தொடங்கும். கடைசியில அமைதி கிடைத்தாலும் அது கையில தாறது ஒரு சின்ன அதிர்வை. தாய் அதிர்வு போயே போயிடும். த்ராட்டில் இதுக்கு மறுபக்கம். முதலாவதை உடனே விடும், பிறகு குறித்த நேரத்துக்குக் கதவைச் சாத்தும். திருத்தம் வெளியிலயே நிற்கும்.

சரி, ஸ்கேன் வைத்து இதுவரை வந்ததில் பெரிய அளவை மட்டும் காட்டினா? எங்கள்ல ஒருத்தி அதுக்கு 2012 ஏப்ரல் 11ஐக் காட்டினா. அன்றைக்குச் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6. தட்டுகள் பக்கவாட்டில நகர்ந்ததால பெரிய அலை எழவில்லை, ஆனா கரையோரச் சனம் எல்லாம் உள்ளுக்கு ஓடினது. இரண்டு மணி நேரம் கழிந்து 8.2இல் இன்னொன்று. பெரியதை மட்டும் வைத்திருக்கிற ஸ்கேனுக்கு 8.2 ஒரு செய்தியே இல்லை. அதனால நாங்க வந்து நின்ற இடம் குரூப்பை. ஒவ்வொரு நிலநடுக்கத்தையும் தனி ஓடையாப் பிரித்து, அதுக்குள்ள அளவு மாறினா மட்டும் விடச் சொல்லி டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ட் போட்டோம். திரும்ப வாறது நிற்குது, திருத்தம் வருது, இரண்டாவது அதிர்வும் தன்ட பெயரோட வருது.

கடைசி ஆபரேட்டர்தான் எங்களுக்குக் கூடுதல் பயம் தந்தது. கேட்ச்எரர்ஜஸ்ட்கம்ப்ளீட், பிழை வந்தா அதைச் சொல்லாம ஓடையைச் சத்தமில்லாம முடித்துவிடும். ஆப் விழாது, சிவப்பு எழுத்து வராது. ஆனா கரண்ட் போய் ரவுட்டர் நின்ற நேரத்திலும் திரை அமைதியான நாள் மாதிரியே இருக்கும். “ஒன்றும் நடக்கவில்லை” என்பதும் “ஒன்றும் தெரியவில்லை” என்பதும் ஒரே வெள்ளைத் திரை ஆகிடும். நிலநடுக்கம் இல்லாத நேரத்திலும் பட்டியல் புது நேர முத்திரையோட வருகிறது என்பதால அதையே நாடித்துடிப்பாப் பிடித்தோம். மூன்று நிமிடம் துடிப்பு இல்லை என்றால் திரையில “தொடர்பு இல்லை” என்று வரும்.

அதுக்காக எல்லாத்தையும் விட்டாலும் சரிவராது. வட்ஸ்அப்பில “கடல் உள்வாங்கிட்டாம்” என்று பத்துத் தரம் பொய்யா வந்தா, பதினோராவதுக்கு ஃபோனை மியூட் பண்ணிட்டுப் படுக்கிறதுதான் நடக்கும். வடிகட்டாத ஓடையும் ஒரு வகையில செவிடாக்குது.

ஆக, எந்த ஆபரேட்டரும் தனியே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எல்லாம் எதையோ தள்ளும். ஆவணத்தில அது என்ன தருது என்பதுதான் பெரிய எழுத்தில இருக்கும். இப்ப நாங்க ஒவ்வொரு ஆபரேட்டருக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதுறோம்: இது எதைத் தள்ளுது, அது இல்லாமல் போனா யாருக்கு என்ன ஆகும். பஸ் நேரமோ மீன் விலையோ, நீங்க எந்த ஓடையை எடுத்தாலும் அந்த ஒரு வரியை எழுதிப் பாருங்க. எழுத முடியவில்லை என்றால், அந்த ஆபரேட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்க.